பாட்டிலை விட்டு டம்ளருக்கு

சென்ற பொங்கல் விழாவின்போது நம் சங்க உறுப்பினர் ஒருவரின் இரண்டு வயதுப் பெண் குழந்தை, கையில் ஃபீடிங் பாட்டிலுடன் மண்டபம் முழுக்க ஓடி விளையாடிக் கொண்டிருந்தாள். "டம்ளரில் கொடுத்தால் ஒரு வாய் கூட இறக்க மாட்டேன் என்கிறாள், மாமா" என்று அவள் தாயார் வருத்தப்பட்டார். ஊரில் என்றால் பாட்டியோ அத்தையோ பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுப்பார்கள். இங்கே நாக்பூரில் அந்தத் துணை இல்லாத வீடுகளே அதிகம். நான் டாக்டர் அல்ல. ரயில்வே பணிமனையில் முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவன். ஆனால் மூத்த பேரன் விஷயத்தில் ஒரு தவறு செய்து, இளையவனிடம் அதைத் திருத்திக் கொண்டவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். இரவில் மூத்தவன் அழுதால், சர்க்கரை போட்ட பாலைப் பாட்டிலில் ஊற்றி வாயில் வைத்துவிடுவேன். உறிஞ்சிக்கொண்டே தூங்கிவிடுவான். மூன்று வயதில் மேல் முன்பற்கள் நான்கும் சொத்தை. பல் டாக்டர் காரணத்தை விளக்கினார்: தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது குறைகிறது; பால் பல்லைச் சுற்றியே தேங்குகிறது; கிருமிகள் அதிலுள்ள சர்க்கரையை அமிலமாக்கிப் பல்லை அரிக்கின்றன. புதுப் பல் முளைக்கும் வரை அவன் வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் சிரித்தான். இன்றும் அது என் மனதை உறுத்துகிறது.

பாட்டிலால் வேறு தொல்லைகளும் உண்டு. நிப்பிளின் உட்புறமும் மூடியின் மரையும் எளிதில் சுத்தமாவதில்லை. அங்கே தங்கும் பால் வயிற்றுப்போக்குக்கு வழி வகுக்கும். டம்ளரைத் தேய்த்துக் கழுவினால் சுத்தமானது கண்ணுக்கே தெரியும். ஃபீடிங் பாட்டிலுக்கு விளம்பரம் செய்வதையே நம் நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது.

எப்போது தொடங்குவது? முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும். நாக்பூர் வெயில் 45 டிகிரியைத் தொட்டாலும் தண்ணீர் தேவையில்லை. தாய்ப்பாலில் சுமார் 88 சதவீதம் நீர்தான். ஆறு மாதம் முடிந்து, கஞ்சி, பருப்புச் சாதம் என்று ஊட்டத் தொடங்கும்போது, காய்ச்சி ஆறிய தண்ணீரை இரண்டு மூன்று வாய் டம்ளரில் பழக்கலாம். தாய் வேலைக்குப் போகும் நேரத்துக்காகப் பிழிந்து வைத்த பாலையும் இப்படியே கொடுக்கலாம்.

முறை இதுதான். குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்கார வையுங்கள். படுக்க வைத்துக் கொடுக்கவே கூடாது. கழுத்தில் ஒரு துண்டைக் கட்டுங்கள். விளிம்பு மழமழப்பான சின்ன டம்ளரை எடுத்து, பாதிக்கு மேல் நிரப்புங்கள். அடியில் கொஞ்சமாக ஊற்றினால் டம்ளரை அதிகம் சாய்க்க வேண்டும், குழந்தையின் தலையும் பின்னால் போகும், புரை ஏறும். நிறைய இருந்தால் இலேசாகச் சாய்த்தாலே போதும்.

விளிம்பைக் கீழுதட்டில் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்குச் சாய்த்து நிறுத்துங்கள். வாய்க்குள் ஊற்றாதீர்கள். குழந்தை தானே நாக்கை நீட்டி நக்கும், பிறகு உறிஞ்சும். ஒரு வாய் விழுங்கியதும் சற்று இடைவெளி கொடுங்கள். முகத்தைத் திருப்பினால் அன்றைக்கு அவ்வளவுதான், வற்புறுத்த வேண்டாம். முதல் வாரம் பாதிக்கு மேல் துண்டில்தான் போகும். எந்த இயந்திரத்தையும் முதல் நாளே முழு வேகத்தில் ஓட்டுவதில்லையே!

எங்கள் வீட்டில் ஒரு சிக்கல் வந்தது. என் மனைவி எச்சில் பார்ப்பவர். "வாய் வைத்துக் குடிக்கப் பழக்காதீர்கள், தூக்கிக் குடிக்கட்டும்" என்றார். அண்ணாந்து குடிப்பது பெரியவர்களுக்குச் சரி. குழந்தைக்கு அது புரை ஏறும் வழி. அவனுக்கென்று தனி டம்ளர் ஒன்றை வைத்தோம், சண்டை தீர்ந்தது. பாலாடையும் சங்கும் நம் வீடுகளில் இருந்தவைதான். குறைமாதக் குழந்தைகளுக்குப் பல மருத்துவமனைகளில் இன்றும் பாலாடையில்தான் புகட்டுகிறார்கள். ஆனால் அது நாம் ஊற்றும் கருவி. டம்ளரில் குழந்தையே தன் வேகத்தில் குடிக்கிறது. கடையில் விற்கும் மூக்கு வைத்த கப்பில் வால்வு இருந்தால், அதையும் பாட்டிலைப் போலவே உறிஞ்ச வேண்டும். டம்ளர் பழக்கம் வராது.

ஏற்கெனவே பாட்டிலுக்குப் பழகிய குழந்தையா? ஒரு வயதில் குறைக்கத் தொடங்கி, ஒன்றரை வயதுக்குள் நிறுத்திவிடுவது நல்லது. முதலில் பகல் வேளைப் பாட்டில் ஒன்றை மாற்றுங்கள். சில நாள் கழித்து அடுத்தது. இரவுப் பாட்டில் கடைசி. அதில் தண்ணீர் மட்டும் ஊற்றிக் கொடுத்தால் ஆசை தானே குறையும். இரவுப் பாலை டம்ளரில் கொடுத்து, பல்லைத் துடைத்த பிறகு படுக்க வையுங்கள். பால் குறைகிறதே என்று கவலை வேண்டாம். ஒரு வயதுக்கு மேல் நாளைக்கு அரை லிட்டருக்குள் பால் போதும். பாலே வயிற்றை நிரப்பினால் சாப்பாடு குறையும், இரும்புச் சத்தும் குறையும். குடிக்கும்போதெல்லாம் புரை ஏறினாலோ, எடை கூடாவிட்டாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

இளையவன் பத்தாம் மாதத்திலேயே இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் குடித்தான். பாதி சட்டையில்தான் போயிற்று. பாட்டி திட்டிக்கொண்டே சட்டையை மாற்றினாள். அவனோ எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தான்.