வகுப்பறையில் நறுமண எண்ணெய்: பயனும் எச்சரிக்கையும்

நறுமணப் பொருள்களின் உற்பத்தியில் நம் நாட்டுக்கு நெடிய வரலாறு உண்டு. கன்னோசியின் அத்தர், மைசூரின் சந்தன எண்ணெய், கேரளத்தின் எலுமிச்சைப்புல் எண்ணெய், நீலகிரியின் தைல எண்ணெய் ஆகியவை உலகச் சந்தையில் பெயர் பெற்றவை. கோயிலிலும் இல்லத்திலும் வழங்கிவந்த நறுமணம், அண்மை ஆண்டுகளில் மின்கருவி வடிவில் அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வந்திருக்கிறது. 'டிஃப்யூசர்' எனப்படும் நறுமணப் பரப்பியை வகுப்பறையில் வைத்தால் மாணவர் மனம் அமைதியுறும், கவனம் கூடும், நோய்க் கிருமிகள் ஒழியும் என்றெல்லாம் விற்பனையாளர் கூறுகின்றனர். நாற்பது குழந்தைகள் ஒருங்கே சுவாசிக்கும் காற்றில் ஒரு பொருளைக் கலப்பது, ஒருவர் தம் வீட்டில் கலந்துகொள்வதைப் போன்றதன்று. எனவே இதன் இயல்பையும் விளைவையும் ஆய்ந்தறிவது பள்ளி நிர்வாகத்தின் கடமையாகிறது.

எண்ணெயின் இயல்பு

இவ்வகை எண்ணெய்களைச் சிலர் 'அத்தியாவசிய எண்ணெய்' என்று மொழிபெயர்த்து வழங்குகின்றனர். இது பிழையான வழக்கு. இன்றியமையாதது என்ற பொருள் இங்கில்லை. தாவரத்தின் சாரம் என்பதே கருத்து. நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் போன்ற கொழுப்பெண்ணெய்கள் காகிதத்தில் பட்டால் நீங்காத கறை விழும். நறுமண எண்ணெயோ பெரும்பாலும் ஆவியாகி மறைந்துவிடும். ஆவியாகும் இப்பண்பே அதன் மணத்துக்குக் காரணம்.

இலை, மலர், பட்டை, வேர் ஆகியவற்றை நீராவியில் காய்ச்சி வடித்தும், எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற பழங்களின் தோலைப் பிழிந்தும் இவை எடுக்கப்படுகின்றன. ஒவ்வோர் எண்ணெயும் பல வேதிப் பொருள்களின் கலவை. எலுமிச்சைப்புல் எண்ணெயில் சிட்ரால், புதினா எண்ணெயில் மெந்தால், தைல எண்ணெயில் சினியோல், கிராம்பு எண்ணெயில் யூஜெனால், ஆரஞ்சு எண்ணெயில் லிமோனின் முதன்மையானவை. இயற்கையில் கிடைப்பதால் ஒரு பொருள் தீங்கற்றது என்று கொள்வதற்கில்லை. பெருமளவு இலையின் சாரம் சில துளிகளில் செறிந்திருப்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

உற்பத்தியில் இந்தியா

புதினா எண்ணெய் உற்பத்தியில் உலகில் முதலிடம் வகிப்பது இந்தியா. உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி, ராம்பூர், பதாயூன் முதலிய மாவட்டங்களில் பல்லாயிரம் உழவர்கள் இப்பயிரை நம்பி வாழ்கின்றனர். 1959-இல் தொடங்கப்பட்டு, இன்று லக்னோவில் மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனமாக விளங்கும் அமைப்பு, 'கோசி', 'ஹிமாலயா' போன்ற மேம்பட்ட புதினா ரகங்களை அளித்து இவ்வளர்ச்சிக்கு வித்திட்டது. எறணாகுளம் மாவட்டம் ஓடக்காலியில் 1951-இல் நிறுவப்பட்ட ஆராய்ச்சி நிலையம் எலுமிச்சைப்புல்லை ஆராய்ந்து வந்துள்ளது. ஜம்மு-காஷ்மீரின் தோடா மாவட்டத்தில் மக்காச்சோளம் விளைந்த நிலங்கள் பலவற்றில் லாவண்டர் பயிராகிறது. நறுமண எண்ணெயின் நற்பெயரில் இத்தனை உழவர்களின் வாழ்வும் அடங்கியுள்ளது. ஆதாரமற்ற விளம்பரமும் கவனமற்ற பயன்பாடும் அந்நற்பெயருக்கே ஊறு விளைவிக்கும்.

கருவி இயங்கும் முறை

நறுமணப் பரப்பிகள் பலவகைப்படும். மின்விசிறியின் காற்றால் எண்ணெயை ஆவியாக்குவது ஒருவகை. மெல்லிய வெப்பத்தால் ஆவியாக்குவது மற்றொன்று. நீரின்றி எண்ணெயையே நுண்துளிகளாகச் சிதறடிப்பது மூன்றாம் வகை. இன்று பெரிதும் விற்பனையாவது மீயொலிப் பரப்பி. இதில் நீருடன் சில துளி எண்ணெய் சேர்க்கப்படுகிறது. அடியிலுள்ள சிறு தகடு வினாடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட முறை அதிர்ந்து, நீரைப் பனிபோன்ற நுண்துளிகளாக்கி வெளியேற்றுகிறது. எண்ணெய் மட்டுமன்றி, நீரில் கரைந்துள்ள உப்புகளும், கலத்தைத் தூய்மை செய்யாவிடில் அதில் வளரும் கிருமிகளும் அத்துளிகளுடன் காற்றில் கலக்கக்கூடும்.

பயன் குறித்த சான்றுகள்

'அரோமாதெரபி' என்ற சொல்லைப் பரப்பியவர் பிரெஞ்சு வேதியியலாளர் ரெனே மாரிஸ் கட்டஃபோஸே. அப்பெயரில் அவரது நூல் 1937-இல் வெளிவந்தது. அதன்பின் பல ஆய்வுகள் நடந்துள்ளன. லாவண்டர் மணம் சிலருக்குத் தற்காலிகமாகப் பதற்றத்தைத் தணிப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. ஆயினும் அவற்றுள் பல சிறு அளவில், பெரியவர்களிடம், குறுகிய நேரத்துக்கு நடத்தப்பட்டவை. எது மணம், எது வெறும் நீர் என்பதைப் பங்குபெறுவோர் மூக்கே காட்டிக்கொடுத்துவிடுவதால், எதிர்பார்ப்பின் விளைவையும் எண்ணெயின் விளைவையும் பிரித்தறிவது கடினம். வகுப்பறையில் ஆண்டு முழுதும் பயன்படுத்தினால் தேர்ச்சி உயரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

சோதனைக்குழாயில் சில எண்ணெய்கள் கிருமிகளைக் கொல்வது உண்மையே. ஆனால் அதற்கு வேண்டிய செறிவை அறைக் காற்றில் உண்டாக்கினால் அங்கு மனிதர் இருக்க இயலாது.

இடர்கள்

ஆஸ்துமா உள்ள குழந்தைக்குக் கடுமையான மணம் மூச்சுத் திணறலைத் தூண்டக்கூடும். சிலருக்கு ஒற்றைத் தலைவலி எழும். கற்பூரம் மிகுந்த பொருள்கள் குழந்தைகளுக்கு வலிப்பை உண்டாக்குவது மருத்துவ உலகம் நெடுநாள் அறிந்த செய்தி; தைல எண்ணெயாலும் வலிப்பு நேர்ந்ததைத் தென்னிந்திய நரம்பியல் மருத்துவர்கள் பதிவுசெய்துள்ளனர். எண்ணெய்ப் புட்டியைக் குழந்தை எடுத்துக் குடித்துவிடுவது இன்னும் பேராபத்து.

நேரடியாகத் தெரியாத மற்றொரு விளைவும் உண்டு. லிமோனின் போன்ற பொருள்கள், வெளியிலிருந்து வரும் ஓசோனுடன் வினைபுரிந்து ஃபார்மால்டிஹைடையும் மிக நுண்ணிய துகள்களையும் தோற்றுவிக்கின்றன. கோடை வெயிலில் ஓசோன் மிகும் நகரங்களுக்கு இது தனிக்கவனம் தேவைப்படும் செய்தி.

ஓர் எளிய கணக்கு நிலைமையைத் தெளிவாக்கும். 8 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட அறையின் கொள்ளளவு 144 கன மீட்டர். ஏறத்தாழ 20 துளி ஒரு மில்லிலிட்டர் எனக் கொண்டால், ஐந்து துளி எண்ணெயின் எடை சுமார் 0.22 கிராம். சன்னல்கள் மூடியிருக்க, அது முழுதும் ஆவியானால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 1.5 மில்லிகிராம் இருக்கும். ஆவியாகும் கரிமப் பொருள்களின் மொத்த அளவு 1 மில்லிகிராமைத் தாண்டினால் அதனைக் கவனத்துக்குரிய நிலை என்று ஜெர்மனியின் சுற்றுச்சூழல் துறை வகைப்படுத்துகிறது. ஐந்து துளியே அந்த எல்லையைக் கடந்துவிடுகிறது.

மூக்கின் இயல்பும் இங்கு ஏமாற்றுகிறது. ஒரே மணத்தைச் சில நிமிடங்கள் நுகர்ந்தபின் அது உணரப்படுவதில்லை. மணம் போய்விட்டது என்றெண்ணி ஆசிரியர் மேலும் சில துளி சேர்ப்பார். அளவு கூடியதை அறையிலிருப்பவர் எவரும் அறியார்.

1981-க்குப் பின் பிறந்த தலைமுறையே மறக்கலாகாத ஒரு படிப்பினை 2021-இல் கிடைத்தது. அமெரிக்காவில் வெவ்வேறு நான்கு மாநிலங்களில் நால்வர் மெலியாய்டோசிஸ் என்னும் அரிய நோய்க்கு ஆளாயினர். ஒரு குழந்தை உட்பட இருவர் இறந்தனர். மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமியால் வருவது இந்நோய். நோயுற்ற ஒருவர் இல்லத்திலிருந்த, அறையில் தெளிக்கும் லாவண்டர் நறுமணத் திரவத்தில் அக்கிருமி இருந்தது அவ்வாண்டு அக்டோபரில் கண்டறியப்பட்டது. அத்திரவம் இந்தியாவில் தயாரானது. நறுமணம் கமழ்வதால் ஒரு திரவம் தூயதாகிவிடாது என்பதையும், உற்பத்தியில் தரக் கட்டுப்பாடு உயிர் காக்கும் கடமை என்பதையும் இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

காற்றோட்டமே முதல் மருந்து

வகுப்பறையில் நறுமணத்தை நாடுவதற்குப் பெரும்பாலும் காரணமாவது துர்நாற்றமோ புழுக்கமோதான். சன்னல்கள் அடைபட்ட அறையில் நாற்பது மாணவர் அமர்ந்தால், அரை மணிக்குள் கரியமில வாயு பத்து லட்சத்தில் 1,000 பங்கைத் தாண்டிவிடும். வெளிக்காற்றில் அது சுமார் 420 பங்கே. அந்நிலையில் சோர்வும் கவனக் குறைவும் தோன்றுவதில் வியப்பில்லை. நறுமணம் இவ்வாயுவை அகற்றுவதில்லை. கெட்ட காற்றை மறைக்க மட்டுமே செய்கிறது. அருகிலுள்ள கழிப்பறையின் நாற்றத்துக்கு நீர் வசதியும் தூய்மையுமே தீர்வு. சுவரின் ஈர வாடைக்குக் கூரையின் ஒழுக்கை அடைக்க வேண்டும். எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வைப்பதற்குச் செலவேதுமில்லை. வெளிக்காற்றே மாசுற்றிருக்கும் நாள்களில் அதற்குரிய வேறு ஏற்பாடுகளை நாடலாம். நறுமணம் அதற்கும் மாற்றாகாது.

பள்ளிகள் செய்யத்தக்கவை

அன்றாடப் பயன்பாட்டுக்கு நறுமணப் பரப்பியை வகுப்பறையில் வைக்காதிருப்பதே சாலச் சிறந்தது. மழலையர் வகுப்புகளில் அறவே தவிர்க்க வேண்டும். ஏதேனும் சிறப்புக் காரணத்துக்காகப் பயன்படுத்த விழையும் பள்ளி, பெற்றோரின் எழுத்துமூல இசைவைப் பெறுதல் வேண்டும். ஆஸ்துமா, ஒவ்வாமை, வலிப்பு உள்ள மாணவர் ஒருவர் இருப்பினும் அவ்வகுப்பில் கைவிட வேண்டும். பெரும்பான்மையோர் விருப்பம் இவ்விஷயத்தில் அளவுகோலாகாது. சுவாசிப்பதிலிருந்து விலகி நிற்க எந்த மாணவராலும் இயலாது. உள்ளடக்கமும் தயாரிப்பாளர் முகவரியும் குறிக்கப்படாத புட்டிகளை வாங்கலாகாது. எண்ணெய் பூட்டிய பேழையில் இருத்தல் வேண்டும். கருவியின் நீரை நாள்தோறும் மாற்றிக் கலத்தை உலர்த்த வேண்டும். சன்னல் திறந்திருக்க, குறுகிய நேரமே இயக்க வேண்டும்.

நறுமணத்தைப் பாடமாக்க வேறு நல்வழி உண்டு. பள்ளித் தோட்டத்தில் துளசி, புதினா, எலுமிச்சைப்புல் ஆகியவற்றை வளர்த்து, இலையைக் கசக்கி முகரச் செய்யலாம். மேல்வகுப்பு ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் மேற்பார்வையில் நீராவி வடித்தலைச் செய்து காட்டலாம். தாவரவியலும் வேதியியலும் உழவர் பொருளாதாரமும் அங்கு ஒன்றுகூடுகின்றன. கல்வித் துறையும் பள்ளி நிர்வாகக் குழுக்களும் கருவிகள் வாங்கும் முன், அத்தொகையால் எத்தனை சன்னல்களைச் செப்பனிடலாம் என்று எண்ணிப் பார்க்குமாயின், மாணவர் நலத்துக்கு அதுவே நல்ல தொடக்கமாகும்.