பத்து வெள்ளி கேட்ட பேச்சு

ஈப்போவிலிருந்து செமோரைக் கடந்து வடக்கே சென்றால் சுங்கை சிப்புட் வரும். துன் வீ. தி. சம்பந்தன் பிறந்த ஊர் அது. 1950-களில் பெரிய ரப்பர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. தோட்டம் கைமாறியபோது பலருக்கு வேலையோடு வீடும் போயிற்று. குடியிருந்த லயன் வீடு தோட்டத்துக்குச் சொந்தமானதுதானே! இந்நிலையில், 1960-இல் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். தொழிலாளர் சேர்க்கும் பணத்தில் தோட்டத்தையே வாங்குவதுதான் திட்டம்.

நாட்கூலிக்குப் பால்மரம் சீவுபவரிடம் பத்து வெள்ளி கேட்பது எளிதன்று. சம்பந்தன் தோட்டந்தோட்டமாகச் சென்று ஆதரவு திரட்டினார். அத்தகைய வேண்டுகோளைத் துண்டறிக்கையாக எழுதினால் எப்படி இருக்கும்? பாடத்திற்காக நாமே மூன்று வாக்கியங்களை எழுதிப் பார்ப்போம்.

“உங்கள் பாட்டன் காடழித்து நட்ட மரம் நாளை வேறொருவர் வேலிக்குள் நிற்கும்.”

“ஒருவரின் 100 வெள்ளி தோட்டத்தை வாங்காது, 10,000 பேர் சேர்ந்தால் பத்து லட்சம் வெள்ளி கையில் இருக்கும்.”

“நான் ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவன், அதன் வரவு செலவை அறிந்தவன்.”

முதல் வாக்கியத்திலிருந்து ‘உங்கள் பாட்டன்’ என்பதை நீக்குங்கள். மரம் கைமாறுகிறது என்ற செய்தி மட்டுமே மிஞ்சும். ஆகவே அது உணர்ச்சி முறையீடு. இரண்டாவது எண்களை நம்பி நிற்கும் ஏரண முறையீடு. மூன்றாவதில் சொல்பவரை மாற்றிப் பாருங்கள். வழிப்போக்கர் ஒருவர் சொன்னால் அது எடுபடாது. சொல்பவரின் தகுதியையே முன்வைப்பதால் அது நம்பக முறையீடு. இம்மூன்றையும் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் பிரித்துக் காட்டினார்.

நம்பக முறையீடு இருபுறமும் கூரான கத்தி. “தோட்டக் கணக்கு தெரிந்தவர்” என்று ஒருவர் தலையசைப்பார், “முதலாளி வீட்டுப் பிள்ளைக்கு எங்கள் பாடு தெரியுமா?” என்று மற்றொருவர் முணுமுணுப்பார்.

எண் இருந்தாலே ஏரணம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். “மாதம் பத்து வெள்ளிதான்” என்பதில் எண் இருக்கிறது. வேலை செய்வதோ ‘தான்’. மாதக் கடைசியில் அரிசிக்குக் கடன் சொல்லும் குடும்பத்துக்குப் பத்து வெள்ளி சிறு தொகையன்று. அதைச் சிறிதாகத் தோன்றச் செய்வது அந்த ஓரசைச் சொல்தான். மறுபுறம், உணர்ச்சி முறையீடு என்றாலே ஏமாற்று என்பதும் தவறு. பாட்டன் நட்ட மரம் உண்மை. அதை இழக்கும் அச்சமும் உண்மை.

நம் இரண்டாம் வாக்கியத்தில் கூட்டல் சரி. ஆனால், ரப்பர் விலை இறங்கினால் போட்ட பணம் என்னாகும் என்று அது சொல்லவில்லை. பத்து வெள்ளியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. ஆயிரக்கணக்கானோர் பணம் கட்டினர். கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டத்தில் தொடங்கி, சங்கம் ஒன்றன்பின் ஒன்றாகத் தோட்டங்களை வாங்கியது.