சோதனைப் பதிப்பை நம்பிச் சாட்சியின் பெயரை எழுதலாமா?

வன்கொடுமை வழக்குகளில் சாட்சிகளின் பாதுகாப்பு அவர்களுடைய பெயரிலிருந்து தொடங்குகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி சேர்க்கப்பட்ட 15ஏ பிரிவு, பொதுமக்கள் பார்க்கக்கூடிய ஆவணங்களில் சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் மறைக்கும் அதிகாரத்தைச் சிறப்பு நீதிமன்றத்துக்கு அளிக்கிறது. ஆனால் வழக்கு நீதிமன்றத்தை எட்டும் முன்பே அப்பெயர்கள் உண்மையறியும் குழுவினரின் அலைபேசிகளில் பலமுறை பயணம் செய்துவிடுகின்றன. எனவே எந்தச் செயலியில் உரையாடுகிறோம் என்பது நமக்கு வசதி சார்ந்த கேள்வி மட்டுமன்று.

பெருநிறுவனங்களின் செயலிகளுக்கு மாற்றாகத் திறமூல உரையாடல் மென்பொருள்கள் தொடர்ந்து வெளிவருகின்றன. அவற்றின் தொடக்கப் பதிப்புகளைச் சோதித்துப் பார்க்குமாறு பயனர்களும் அழைக்கப்படுகின்றனர். இந்த அழைப்பை நாம் எவ்வாறு அணுக வேண்டும்?

சோதனைப் பதிப்பு என்பது என்ன?

ஒரு மென்பொருள் முழுமை பெறுவதற்கு முன் ஆல்ஃபா, பீட்டா என்னும் நிலைகளைக் கடக்கிறது. ஆல்ஃபா நிலையில் அடிப்படை வசதிகளே மாறிக்கொண்டிருக்கும். பீட்டா நிலையில் வசதிகள் பெரும்பாலும் அமைந்துவிட்டாலும், பிழைகள் எஞ்சியிருக்கும் என்று உருவாக்கியவர்களே ஒப்புக்கொள்கின்றனர். திறமூலம் என்றால் அதன் நிரலை எவரும் படிக்கலாம், ஆராயலாம். ஆனால் ‘படிக்கலாம்’ என்பதும் ‘படித்துவிட்டார்கள்’ என்பதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை மூன்று செயலிகளின் வரலாறு தெளிவாக்குகிறது.

2011இல் வெளிவந்த கிரிப்டோகேட், இணைய உலாவியிலேயே மறையாக்கத்துடன் உரையாட உதவிய திறமூலச் செயலி. 2013 ஜூலையில் அதன் குழு உரையாடலில் கடுமையான பிழை இருந்தது வெளிப்பட்டது. மறையாக்கச் சாவியின் ஒவ்வொரு பைட்டும் 256 மதிப்புகளில் ஒன்றைப் பெற வேண்டும். நிரல் பிழையால் 0 முதல் 9 வரையிலான பத்து இலக்கங்களில் ஒன்றையே பெற்றது. பூட்டு பெரிதாகத் தோன்றினாலும் சாவியை ஊகிப்பது மிக எளிதாகிவிட்டது. நிரல் எல்லோர் பார்வைக்கும் திறந்திருந்தும் இப்பிழை பல மாதங்கள் கவனிக்கப்படாமல் இருந்தது.

பிரையர் வேறு வழியைத் தேர்ந்தது. 2017 ஜூலையில் பொதுப் பீட்டாவை வெளியிட்டபோதே, க்யூர்53 என்னும் நிறுவனம் செய்த பாதுகாப்புத் தணிக்கையின் முடிவையும் வெளியிட்டது. முழுப் பதிப்பு 2018இல் வந்தது.

2025 ஜூலையில் ட்விட்டர் நிறுவனர்களுள் ஒருவரான ஜாக் டோர்சி பிட்சாட்டின் பீட்டாவை வெளியிட்டார். இணையம் இல்லாமலேயே, புளூடூத் வழியாக ஓர் அலைபேசியிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி தாவிச் செல்லும் வலைப்பின்னல் அது. ஐபோன் பீட்டாவுக்கு ஆப்பிள் அனுமதிக்கும் 10,000 சோதனையாளர் இடங்கள் விரைவில் நிரம்பின. ஆனால் சில நாட்களிலேயே, நம் நம்பிக்கைக்குரிய தொடர்பாளர் போல் வேறொருவர் நடிக்க முடியும் என்பதைப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் காட்டினார். வெளியார் தணிக்கை நடைபெறவில்லை என்ற எச்சரிக்கை அதன் நிரல் பக்கத்தில் சேர்க்கப்பட்டது. இணையம் முடக்கப்பட்ட ஊரில், எதிர்த்தரப்பினர் ஒருவர் நம் தோழர் பெயரில் செய்தி அனுப்ப முடிந்தால் என்ன நிகழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நாம் செய்யக்கூடிய சோதனை

இதனால் சோதனையிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. நிரல் எழுதத் தெரியாதவர்களும் செய்யக்கூடிய பயனுள்ள பணி இதில் ஏராளமாக உள்ளது. முதல் விதி ஒன்றே: சோதனையில் உண்மையான பெயர், ஊர், வழக்கு விவரம் எதுவும் இடம்பெறக் கூடாது. கற்பனைப் பெயர்களும் வழக்கில் பயன்படாத பழைய அலைபேசிகளும் போதும்.

நம் மக்களிடம் உள்ள விலை குறைந்த ஆண்ட்ராய்டு கருவியில் செயலி இயங்குகிறதா, மின்கலம் எவ்வளவு விரைவில் தீர்கிறது, நீண்ட தமிழ்ச் செய்தி சிதையாமல் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். குழுவிலிருந்து நீக்கப்பட்டவருக்குப் புதிய செய்திகள் தொடர்ந்து செல்கின்றனவா? பூட்டிய திரையில் செய்தியின் உள்ளடக்கம் தெரிகிறதா? அலைபேசியைக் காவலர் கைப்பற்றினால் எவையெவை எஞ்சியிருக்கும்? பெரிய நகரங்களில் அமர்ந்து நிரல் எழுதுபவர்களுக்கு இத்தகைய கேள்விகள் எளிதில் தோன்றுவதில்லை. அவற்றை எழுப்ப வேண்டியவர்கள் நாமே.

கண்ட பிழையை எழுதும்போது பதிப்பு எண், கருவியின் வகை, செய்த படிகள், எதிர்பார்த்தது, நடந்தது ஆகிய ஐந்தையும் குறிப்பிட வேண்டும். பிழை பாதுகாப்பைச் சார்ந்ததாக இருந்தால் அதைப் பொதுவெளியில் எழுதாமல் உருவாக்கியவர்களுக்குத் தனியாகத் தெரிவிப்பதே முறை.

சட்டத்தின் பக்கம்

2023 மே மாதத்தில் ஒன்றிய அரசு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் 14 செயலிகளைத் தடை செய்தது. திறமூலச் செயலிகளான எலிமென்டும் பிரையரும் அவற்றுள் அடங்கும். இப்பிரிவின் தண்டனை, உத்தரவுக்குக் கீழ்ப்படியாத இடைநிலை நிறுவனங்களுக்கு உரியது; பயனரைத் தண்டிக்கும் வாசகம் அதில் இல்லை. எனினும் தடை உத்தரவுகளை 2009ஆம் ஆண்டு விதிகள் கமுக்கமாக வைப்பதால், தடைக்கான காரணத்தை நாம் அறிந்து எதிர்ப்பது கடினமாகிறது. ஒரு செயலியை இயக்கப் பணிக்குத் தேர்வதற்கு முன் அதன் சட்ட நிலையையும் கேட்டறிய வேண்டும்.

மற்றொன்று சான்று. தானாக மறையும் செய்திகள் சாட்சியைக் காக்கலாம். ஆனால் சாதி இழிவோடு வந்த மிரட்டல் மறைந்துவிட்டால் வழக்கே மெலியும். பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கோருகிறது. அச்சான்றிதழின் படிவம் பதிவின் ஹேஷ் மதிப்பையும் கேட்கிறது. ஆகவே மிரட்டல் வந்த கருவியையும் மூலச் செய்தியையும் அழிக்காமல் பாதுகாக்க வேண்டும். நாம் பேசுவது மறைய வேண்டும், நமக்கு எதிராகப் பேசப்பட்டது நிலைக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் ஒரே அமைப்பு பொருந்தாது.

செயலி எவ்வளவு வலுவானதாயினும் கருவி பிறர் வசமானால் பயனில்லை. பீமா கோரேகான் வழக்கில் ரோனா வில்சனின் மடிக்கணினிக்குள் தீநிரல் வழியாகக் கோப்புகள் திணிக்கப்பட்டதாக ஆர்சனல் கன்சல்டிங் என்னும் அமெரிக்கத் தடயவியல் நிறுவனம் 2021இல் அறிக்கை அளித்ததை நாம் மறந்துவிட முடியாது.

புதிய மென்பொருளைச் சோதிப்போம், குறைகளை எழுதுவோம், தமிழில் மேம்படுத்துவோம். ஆனால் வெளியார் தணிக்கை முடிந்து, அதில் கண்ட பிழைகள் திருத்தப்படும் வரை சாட்சியின் பெயரை அதில் எழுதாதிருப்போம். கற்பனைப் பெயர்களோடு நடக்கும் சோதனையில் தோற்றால் இழப்பது சில மணி நேர உழைப்பை மட்டுமே. உண்மையான வழக்கில் தோற்றால், அதற்கான விலையைக் கொடுப்பது நாமல்ல, நம்மை நம்பிப் பேசிய சாட்சி.