கடல் தந்த காசு

மட்டக்களப்பு வாவிக்கரையில் வளர்ந்த எனக்கு அம்மம்மாவின் காசுமாலைதான் முதல் சரித்திரப் புத்தகம். அதில் ஒரு காசுக்கு வளையம் பற்றவைத்தபோது ஆண்டு அழிந்துவிட்டது. அது எக்காலத்துக் காசு என்று சொல்ல இன்று எவருமில்லை.

நேயர்களே, 1961இல் நமது தென்கிழக்குக் கடலில், கிரேட் பாசஸ் பாறையருகே மூழ்கிக்கிடந்த கப்பலொன்றை மைக் வில்சன் என்ற சுழியோடி கண்டார். கிடைத்தவை ஔரங்கசீப் காலத்துச் சூரத் வெள்ளி ரூபாய்கள். அவற்றில் ஹிஜ்ரி 1113, அதாவது 1701-02 என்றிருந்தது. பெயர் தெரியாத கப்பலின் காலத்தைச் சொன்னது அந்த ஆண்டெழுத்தே.

உலகின் பல நாடுகளில் கப்பற்காசுகள் பதக்கங்களாகின்றன. நகை செய்வோரிடம் நான் கேட்பது இதுதான்: துளையிடாதீர்கள்; பற்றவைக்காதீர்கள்; விளிம்பைச் சுற்றிச் சட்டம் கட்டுங்கள். கழுத்துக்கும் அழகு, காசும் பேசும்.