அபிவிருத்திச் செலவும் பராமரிப்புச் செலவும்

நிலத்திற்கும் கிணற்றிற்கும் செய்யப்படும் செலவுகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. சொத்தின் மதிப்பை உயர்த்துவன அபிவிருத்திச் செலவுகள். உள்ள மதிப்புக் குறையாமல் காப்பன பராமரிப்புச் செலவுகள். இவ்விரண்டையும் பகுத்தறியாது கடன் வாங்குதல் சங்க அங்கத்தினருக்குப் பெருங்கேடு விளைவிக்கும்.

இவற்றைப் பகுத்தறிய 1883-ஆம் ஆண்டின் நில அபிவிருத்திக் கடன் சட்டம் எளிய அளவுகோல் ஒன்றைத் தந்தது. நிலத்தின் குத்தகை மதிப்பைப் பெருக்கும் வேலையே அபிவிருத்தி என்று அச்சட்டம் வகுத்தது. கிணறு வெட்டுதல், நிலத்தைப் பாசனத்திற்கேற்பத் திருத்துதல், வடிகால் அமைத்தல் முதலியன அதில் அடங்கின. விதையும் மாடும் வாங்குவதற்கான கடனோ 1884-ஆம் ஆண்டின் விவசாயிகள் கடன் சட்டத்தின்பாற்பட்டது.

ஒரு கிணற்றை உதாரணமாகக் கொள்க. பாறையை உடைத்து ஆழப்படுத்தியதால் புதிய ஊற்றுக் கிடைத்து, ஒரு போகம் விளைந்த நிலம் இரு போகம் விளையுமாயின் அது அபிவிருத்தி. ஆண்டுதோறும் சேறு வாருதலும், கவலைக்கு வடமும் சாலும் மாற்றுதலும் பராமரிப்பு. இடிந்து தூர்ந்த கிணற்றை மீண்டும் கட்டுதல் பழுதுபார்த்தல் போலத் தோன்றினும், இவ்வாறு புதுப்பித்தலையும் 1883-ஆம் ஆண்டுச் சட்டம் அபிவிருத்தியிலேயே சேர்த்தது.

அபிவிருத்திக்கு வாங்கிய கடனை, அதனால் மிகும் விளைவே பல தவணைகளில் தீர்க்கும். பராமரிப்பினால் புதிய வருமானம் பிறவாது. ஒருவர் சேறு வாருவதற்காக ஆண்டுதோறும் ரூ. 100 கடன் வாங்கி, ஒவ்வொரு கடனையும் ஐந்து சமமான ஆண்டுத் தவணைகளில் செலுத்துவதாக வைத்துக்கொள்க. ஐந்தாவது கடனை வாங்கியவுடன் அவர் பேரில் அசல் பாக்கி ரூ. 300 நிற்கும். அவ்வாண்டு முதல் அவர் செலுத்தவேண்டிய தவணைகளின் மொத்தமும் ரூ. 100 ஆகிவிடும். கைப்பணத்தால் முடித்திருக்கக்கூடிய அதே தொகையைச் செலுத்துவதோடு, வட்டியையும் அவர் வீணே இழப்பார்.

ஆதலின் பராமரிப்பை அவ்வாண்டு விளைவிலிருந்தே நடத்துதல் வேண்டும். அறுவடையானதும் ஒரு பகுதியைச் சங்கத்தில் சேமிப்பாக வைத்தால், கோடையில் சேறு வாரக் கடன் தேட நேராது.

மற்றொன்றும் கருதத்தக்கது. ஒவ்வோர் அபிவிருத்தியும் புதிய பராமரிப்புக் கடமையை உடன் கொணரும். ஆழப்படுத்திய கிணற்றைக் கவனியாது விட்டால், கடன் தீருமுன்பே அது தூர்ந்துபோகும். தண்ணீர் நின்ற பின்னும் தவணை நில்லாது. எனவே கடன் மனுவைப் பரிசீலிக்கும் பஞ்சாயத்தார் இரண்டு கேள்விகள் கேட்பது நன்று. வேலை முடிந்தபின் அந்நிலம் அதிகக் குத்தகைக்குப் போகுமா? அவ்வேலையை ஆண்டுதோறும் காத்துவரப் பணம் எங்கிருந்து வரும்? இரண்டிற்கும் தெளிவான விடை கிடைத்த பின்னரே கடன் வழங்குதல் மனுதாரருக்கும் சங்கத்திற்கும் க்ஷேமம்.