பாட்டுக்கு ரசீது எங்கே?

நைட் கிளப் என்றால் எங்கள் அம்மாபேட்டைக்காரர்கள் சிரிப்பார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் இங்கே ஆட்டம் போடுவது இரண்டே பேர்தான். ஒன்று விசைத்தறி, இன்னொன்று கொசு! ஆனால், நைட் கிளப்பைத் துரத்துகிற சட்டம் போன மாசம் என் சித்தப்பா மகள் கல்யாண மண்டபத்துக்கே வந்துவிட்டது.

வரவேற்பில் பாட்டு போட்டுக்கொண்டிருந்தோம். ஃபைலோடு ஒருத்தர் வந்தார். "ரெக்கார்டு பாட்டுக்கு லைசென்ஸ் வாங்கினீங்களா? பணம் கட்டணும்."

சித்தப்பாவுக்கு வியர்த்துவிட்டது. "ஏனுங்க, ஸ்பீக்கர் வாடகைதான் கொடுத்தாச்சுங்களே!"

நான் பி.காம். சட்டம் தெரியாது. ரசீது இல்லாமல் பணம் கொடுக்கக் கூடாது என்பது மட்டும் தெரியும். "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டு, வக்கீல் நண்பரைப் பிடித்தேன்.

சமாசாரம் இதுதான். பாட்டைக் காசு கொடுத்தே வாங்கியிருந்தாலும், 1957-ம் வருஷத்துக் காப்பிரைட் சட்டப்படி அது வீட்டில் கேட்கத்தான். ஹோட்டல், பார், நைட் கிளப்பில் போட உரிமையாளரின் அனுமதி வேண்டும். தெரிந்தே மீறினால் ஆறு மாசம் முதல் மூன்று வருஷம் வரை ஜெயில், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் வரை அபராதம்!

கல்யாணத்துக்கு? அதே சட்டத்தின் 52-வது பிரிவு, கல்யாண ஊர்வலத்துக்கும் கல்யாணத்தையொட்டிய கொண்டாட்டங்களுக்கும் விலக்கு தருகிறது. 2023 ஜூலையில் மத்திய அரசும் இதை நினைவுபடுத்தி அறிவிப்பு வெளியிட்டது. சித்தப்பா தப்பித்தார்!

நைட் கிளப்காரர் தப்ப முடியாது. ஆனால், யாரிடம் கட்டுவது? 2021 டிசம்பரில், நோவெக்ஸ் நிறுவனம் தொடுத்த வழக்கில், 'பதிவு பெற்ற காப்பிரைட் சங்கம்தான் லைசென்ஸ் தொழில் நடத்தலாம்' என்றது சென்னை உயர்நீதிமன்றம். 2024 ஜனவரியில், 'உரிமையாளரே கொடுக்கலாம்' என்றது பம்பாய் உயர்நீதிமன்றம். இதே தகராறில் டெல்லி வழக்கு ஒன்று 2025-ல் உச்சநீதிமன்றம் வரை போனது. பாட்டு ஒன்று, தீர்ப்பு இரண்டு!

காசு கேட்பதே தப்பு என்று சொல்ல மாட்டேன். மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த ஊர்க்காரன் நான். பாட்டு சும்மா முளைக்காது என்று தெரியும். நெசவாளிக்குக் கூலி கொடுக்காமல் வேட்டி கட்டலாமா? பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் சம பங்கு என்று 2012-ல் சட்டமே திருத்தப்பட்டது. அந்தக் கூலி அவர்கள் வீட்டு அடுப்பு வரை போகிறதா என்பதுதான் கேள்வி. அதனால், வசூலுக்கு வருகிறவரிடம் மூன்றே கேட்டால் போதும். எந்தச் சங்கம்? எந்தப் பாட்டு? எங்கே ரசீது?

ஃபைல்காரர் மறுநாள் வரவில்லை. சித்தப்பாதான் இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்... வந்தால் ஸ்பீக்கர் வாடகையில் பாதியை வசூல் பண்ணலாமாம்!