துப்பாக்கி பிடித்த கை

1996 ஏப்ரல். தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் நகரில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முதல் அமர்வு. நிறவெறி ஆட்சி 1985-இல் கொன்ற ஃபோர்ட் கலாட்டாவின் மனைவி, சாட்சி சொல்லிக்கொண்டிருந்தவர், சட்டென்று பின்னால் சாய்ந்து ஓலமிட்டார். அமர்வு நின்றது. மீண்டும் கூடியபோது தலைவர் டெஸ்மண்ட் டுட்டு கேள்வி எதுவும் கேட்கவில்லை, பாட்டெடுத்தார்.

நீதிமன்றத்தில் இதற்கு இடமில்லை. அங்கே நாளும் நேரமும் பிசகக்கூடாது. கொடுமைக்கு ஆளான மனமோ வரிசையாக எதையும் அடுக்கி வைப்பதில்லை. சட்டையின் நிறம் பளிச்சென்று நினைவிருக்கும், கிழமை மறந்திருக்கும். “அன்றைக்கு வேறு மாதிரி சொன்னீர்களே?” என்று வழக்கறிஞர் மடக்கும்போது ஆறாத புண் மறுபடி கிழிகிறது.

பாதிக்கப்பட்டோர் அமர்வுகளில் ஆணையம் இதை மாற்றிப் பார்த்தது. வழக்கமான குறுக்கு விசாரணை கிடையாது. சாட்சிக்குப் பக்கத்திலேயே துணைக்கு ஒருவர் உட்கார்ந்திருப்பார். 21,000-க்கும் மேற்பட்டோர் வாக்குமூலம் தந்தார்கள். மொழிபெயர்ப்பாளர்கள் ‘அவர்’ என்று சொல்லாமல் ‘நான்’ என்றே பெயர்த்தார்கள். ஊரார் துயரமெல்லாம் அவர்கள் வாய்வழியாக, அவர்களுடையதாகவே வெளிவந்தது.

அந்த ஆணையத்தில் பணியாற்றியவர் பும்லா கோபோடோ-மடிகிசேலா. கேப் டவுனின் லாங்கா கறுப்பர் குடியிருப்பில் வளர்ந்த உளவியலாளர். 1997-இல் அவர் பிரிட்டோரியா சிறைக்குப் போய்ச் சந்தித்தது யூஜின் டி காக்கை. போலீஸ் கொலைப்படையின் தலைவன். இரண்டு ஆயுள் தண்டனையோடு 212 ஆண்டு சிறை பெற்றவன். தன் படை வைத்த குண்டுக்குப் பலியான காவலர்களின் மனைவியரைச் சந்தித்து அவன் மன்னிப்புக் கேட்டிருந்தான். அவர்களில் ஒருவர் தன் கணவருக்காக மட்டுமின்றி அவனுக்காகவும் அழுததாகச் சொன்னதுதான் பும்லாவை அங்கே இழுத்துவந்தது.

அந்த மனைவியரைச் சந்தித்ததைப் பற்றிக் கேட்டதும் டி காக்கின் கண்கள் கலங்கின. பும்லா தன்னையறியாமல் அவன் கையைத் தொட்டார். மறுநாள் காலை தன் வலக்கை மரத்துப்போய், தூக்க முடியாமல் கிடந்ததாக எழுதியிருக்கிறார். பிற்பாடு அவனே சொன்னான்: நீங்கள் தொட்டது துப்பாக்கி விசையை அழுத்திய கை.

இதை மன்னிப்பின் அற்புதமாக மட்டும் கொண்டாடினால் அந்த மரத்துப்போன கையை மறந்தவர்களாவோம். கொலையாளியிடமும் மனிதனைக் கண்டுவிட்ட அதிர்ச்சியை அவர் உடலே தாங்கவேண்டியிருந்தது. கேட்பது எளிய வேலை இல்லை. ஆனாலும் அவர் திரும்பத் திரும்பப் போனார். 2003-இல் அதைப் புத்தகமாக்கினார்.

கண்ணீருக்குக் காது கொடுத்த நாடு மற்றதில் கை சுருக்கியது. பாதிக்கப்பட்டோருக்கு நிவாரணமாக ஒரே தவணையில் 30,000 ராண்ட். டி காக் 2015-இல் பரோல் பெற்றான். கலாட்டா கொலையில் ஆணையம் பொதுமன்னிப்பு மறுத்த காவலர்கள் மீது வழக்கே நடக்கவில்லை. நாற்பது ஆண்டு கழித்து, 2025 ஜூனில், மரண விசாரணை மறுபடி தொடங்கியது. குடும்பத்தார் இன்னொரு முறை சாட்சி சொல்ல வந்தார்கள்.